முள் நடுவில்தான் இருந்தது

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், உன் அம்மா என்னைவிடச் சுகம், நம் குடும்பத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தது கார் ஒன்றுதான், அதுவும் இப்போது தேறி வருகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன வாரம் போனில் பேசும்போது நடுநடுவே இருமினாய், கேட்டால் லைன் சரியில்லைப்பான்னு மழுப்பினாய், லைனுக்கு இருமல் வந்து நான் கேள்விப்பட்டதில்லை, வெந்நீர் குடி, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. உன் அத்தை என் கடைக்கு வந்து புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டாள், போட்டதும் முதலில் பார்த்தது என் முகத்தை, என்னண்ணா இப்படி ஆயிட்டீங்கன்னு ஒரே வருத்தம், உனக்குப் பழைய கண்ணாடியே நல்லா இருந்ததும்மான்னு சொல்லி அனுப்பினேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். காருக்கு என்ன ஆச்சு என்று நீ கேட்டதற்கு உன் அம்மா சின்ன ரிப்பேர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அவள் அப்படித்தான், வீடே இடிந்து விழுந்தாலும் கொஞ்சம் தூசிடி என்பாள். நான் தூசி விழுந்தாலே வீடு இடிந்ததாக ஊரைக் கூட்டுகிறவன். ஆகையால் நடந்ததை நான் எழுதுவதுதான் நியாயம்.

காரில் தண்ணீர் பம்ப் ஒழுகியது. உன் அம்மாவின் பிழைப்பே அந்தக் கார், அதை வைத்துத்தான் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள், நீயும் அவளிடம் படித்து அழுத மாணவிதானே. ஒழுகுவது தெரிந்ததுமே டாக்டரிடம் விட்டாள். இந்த டாக்டர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, நீ போன பிறகு பெட்ரோல் பங்குக்குப் பின்னால் பட்டறை போட்டவர், ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜின் மேலும் இன்னொரு முனையைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், அதனால் வந்த பேர். நல்ல கைராசிக்காரர், வாய்தான் கொஞ்சம் நீளம். பம்பை மாற்றி, உள்ளே புதுத் தண்ணீர் நிரப்பி, வண்டியைக் கழுவித் துடைத்துக்கூடக் கொடுத்தார். மறுநாள் காலை முதல் வகுப்புக்குக் கிளம்பினோம். கிளம்பினோம் என்கிறேன், முதல் வகுப்போடு வகுப்பாக என்னையும் கடையில் இறக்கிவிடுவது வழக்கம், பின் சீட்டில் நான், மடியில் சாப்பாட்டு டப்பா. உன் அம்மாவின் பாடமுறையை நீ மறந்திருக்க மாட்டாய், ஓட்டுகிறவர் வாயை மூடவே கூடாது, கண் போகிற இடத்தையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போகவேண்டும், கண்ணாடி, முள், ரோடு, திரும்பவும் கண்ணாடி, முள், ரோடு. இன்ஜின் சூட்டைக் காட்டுகிற அந்த முள்ளைப் பற்றி மற்ற வாத்தியார்கள் மூச்சே விடுவதில்லை, இவள் மட்டும், வண்டிக்கு வாயில்லை, உடம்பு சுடுதான்னு நாமதான் பார்க்கணும்னு அதையும் பாட்டில் சேர்த்துவிட்டாள்.

அன்றைக்கு ஓட்டியது யார் என்பதில்தான் இருக்கிறது சங்கதி. டாக்டரின் மனைவி. ஆமாம், அதே பட்டறைக்காரரின் மனைவி, பட்டறை வாசலில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பில் போடுகிறவர். ஒரு நாள் வேலையாட்கள் முன்னால், இவ கையில ஸ்டீயரிங்கைக் கொடுத்தா ஹாரன் எங்கன்னுதான் தேடுவான்னு டாக்டர் கேலி பண்ணிவிட்டாராம். லைசென்ஸை வாங்கி அவர் மேஜை மேல் வைத்துவிட்டுத்தான் மறுபேச்சு என்று அந்த அம்மாள் வீட்டுக்குத் தெரியாமல் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். உன் அம்மாவும் யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள், என் வாயைப் பற்றித் தெரிந்திருந்தும் எனக்கும் சேர்த்து அவளே கொடுத்துவிட்டாள். அப்படியாக மேம்பாலம் ஏறினோம். கண்ணாடி, பின்னால பஸ் வருது, முள், நடுவுல நிக்குது, ரோடு, காலியா இருக்குன்னு டாக்டரம்மா ஒப்பித்துக்கொண்டே ஓட்டினார், எனக்குத் தாலாட்டு மாதிரி இருந்தது. பாலம் இறங்கும்போது வண்டி இழுவை விட்டது, அடியில் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி டக் டக் என்று சத்தம், பானட்டைச் சுற்றி ஆவி. டாக்டரம்மாவுக்கு அப்போதும் வாய் நிற்கவில்லை, முள் நடுவுலதான்க்கா இருக்கு, இப்பவும் நடுவுலதான்க்கா. உன் அம்மா, வாத்தியாருக்கென்று தன் காலடியில் தனியாக இருக்கிற பிரேக்கைப் பூப்போல அழுத்தி, ஒரு கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பி, ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தினாள். நான் என்ன செய்தேன் என்று கேட்பாய், சாப்பாட்டு டப்பாவைக் காப்பாற்றிக்கொண்டு முதல் ஆளாக இறங்கி விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நின்றேன். உன் அம்மா முதலில் டாக்டரம்மாவைப் பஸ் ஏற்றி அனுப்பினாள், பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் பட்டறைக்குப் போன் போட்டாள். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நாங்கள் பட்டறைக்குள் நுழைந்தபோது டாக்டரம்மா கண்ணாடி அறையிலிருந்து எட்டிப்பார்த்து, அடடா வண்டிக்கு என்னங்க ஆச்சு என்று கேட்டார், முகம் மட்டும் சுவர்ச் சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது.

டாக்டர் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இன்ஜின் சூட்டில் வெந்து, மேல்மூடி வளைந்து, உள்ளே பிஸ்டன் கடித்துக்கொண்டு நிற்கிறதாம். முள் சிவப்புக்கு ஏறியிருக்கும், நீங்க கவனிக்காம ஓட்டியிருக்கீங்க, அதுக்குப் பட்டறை என்னங்க பண்ணும்னு கையை விரித்தார். முள் ஏறவே இல்லை என்றாள் உன் அம்மா. ஏறாம எப்படிங்க வேகும், அடுப்பில்லாம சோறு வேகுமா, என்றார் அவர். அன்றைக்கு அதோடு வந்துவிட்டோம். ஆம்பளை ஒருத்தன் போய்ப் பேசினால் ஆள் மசிவார் என்று, யாரும் சொல்லவில்லை, எனக்கே தோன்றி, மறுநாள் நான் தனியாகப் போனேன். என் வியாதி உனக்குத் தெரியும், எதிரே யார் பேசினாலும் தலையாட்டிக்கொண்டேதான் கேட்பேன், கண்ணாடிக் கடையில் ஒட்டிக்கொண்ட பழக்கம், தலையாட்டினால்தான் வாடிக்கையாளர் அடுத்த ஃபிரேமைக் கையில் எடுப்பார். முள்ளை யாரும் பார்த்திருக்க மாட்டாங்க இல்லையா சார் என்றார் டாக்டர், ஆட்டினேன். புதுசா ஓட்டுறவங்க கையில கொடுத்தா இப்படித்தானே சார் ஆகும் என்றார், அதற்கும் ஆட்டினேன். காபி கொடுத்தார், குடித்தேன். நான் படி இறங்குவதற்குள் பெஞ்சில் காத்திருந்தவர்களிடம், பார்த்தீங்களா, அவங்க வீட்டுக்காரரே ஒத்துக்கிட்டுப் போறாருன்னு சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து இதை உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. துணியை மடித்துக்கொண்டே, இனிமே எனக்கு உதவி பண்ணாம இருங்க, அதுவே பெரிய உதவின்னு மட்டும் சொன்னாள்.

கார் நின்றதுகூடப் பெரிதில்லை வாலு, பேச்சுதான் பெரிதாகப் போனது. ஓட்டக் கத்துக்கொடுக்கிற அம்மாவே இன்ஜினை எரிச்சுட்டாங்களாமே என்று ஊர் முழுக்கக் கிளம்பிவிட்டது. நம் கடையில் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்த ஒருவர், நான் யார் என்று தெரியாமல் என்னிடமே கதையை ஆரம்பித்தார், எதிரே பலகையில் கடைசி வரி எழுத்து அவருக்குத் தெரியவில்லை, உன் அம்மா செய்த தப்பு மட்டும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அப்படியும் அவர் கண் பவரைச் சரியாகத்தான் எழுதினேன், அந்தப் பெருமை எனக்கு உண்டு. தையல்கடை அக்கா தன் மருமகளை வகுப்புக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார், தலைவலி என்று இன்னொருத்தி நின்றாள், ஊரில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர்களைச் சிரித்த முகத்தோடு ரோட்டுக்குக் கொண்டுவந்தவள், அவளுடைய பேர்தானே அவள் பிழைப்பு, கார் இல்லாவிட்டால் இன்னொரு கார், பேர் போனால் யார் வந்து பக்கத்தில் உட்காருவார்கள். எனக்கோ பொறுக்கவில்லை, ஒரே ஒரு பேரைச் சொன்னால் போதும், டாக்டரின் வாய் அடைத்துவிடும். சொல்லிடேன்டி என்று கெஞ்சினேன். அவங்க சொல்லவேண்டியதை நான் எப்படிங்க சொல்லமுடியும்னு கேட்டாள். டாக்டரம்மாவே ஒரு மத்தியானம் போன் பண்ணி அழுதார், நான் சொல்லிடறேன்க்கா, என்னாலதானே உங்களுக்கு இவ்வளவும் என்றாராம். நான் பக்கத்தில் நின்று இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா, எனக்காகச் சொல்லவேண்டாம், உங்களுக்குச் சொல்லணும்னு தோணினா சொல்லுங்க, டெஸ்டுக்கு ரிவர்ஸ் இன்னும் சரியா வரலை, அதை முதல்ல மனசுல ஓட்டிப் பாருங்கன்னு போனை வைத்துவிட்டாள். எனக்கு அந்த இடத்தில் அவளைக் கும்பிடுவதா, உலுக்குவதா என்று தெரியவில்லை.

அப்புறம் ஒரு காலை, பேசி முடிச்சுடலாம் வாங்க என்று என்னையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். வழியெல்லாம் ஒரே பாடம், கழுத்தை அசைக்காதீங்க, இருமாதீங்க, கண்ணாடி அறைப் பக்கம் திரும்பவே திரும்பாதீங்க. பட்டறையில் நல்ல கூட்டம், பெஞ்சு நிறைய ஆட்கள், தையல்கடை அக்காவும் தன் ஸ்கூட்டருக்காக உட்கார்ந்திருந்தார். டாக்டர் எங்களைப் பார்த்ததும் எடுத்த எடுப்பிலேயே, உங்க வீட்டுக்காரர்தான் அன்னைக்கே தலையாட்டிட்டாரேம்மா என்றார். அவர் முடி வெட்டுற இடத்துலயும் ஆட்டுவாருங்க, காதுல தழும்பைப் பாருங்க, என்றாள் உன் அம்மா. பெஞ்சே சிரித்தது, நான் காதை மூடிக்கொண்டேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை, கிளட்சை விடும்போது மாணவிகளிடம் பேசுவாளே, அதே நிதானம். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும், முள் நடுவுல நிக்கும்போதே இன்ஜின் வேகுமா, இல்லவே இல்லையா, தொழில் தெரிஞ்சவர் நீங்க சொல்லுங்கன்னு கேட்டாள். தொழில் என்றதும் டாக்டரால் பொய் சொல்ல முடியவில்லை பார், அங்கேதான் அந்த மனிதர் மேல் எனக்கு முதல் மரியாதை வந்தது. ஒரு விதத்துல நடக்கும்மா, தண்ணி ஊத்தும்போது உள்ள காத்து மாட்டிக்கிட்டா, சூட்டை அளக்கிற சாமான் தண்ணியில முங்காம காத்துல நிக்கும், அதுக்குச் சூடே தெரியாது, முள் நடுவுலயே நின்னு ஏமாத்தும், இன்ஜின் அடியில வெந்துக்கிட்டிருக்கும். ஆனா அது தண்ணி ஊத்தினவன் காத்தை வெளியேத்தாம விட்டாதான் நடக்கும், என் பட்டறையில அது நடக்காது. அதனாலதான் சொல்றேன், முள் ஏறியிருக்கு, நீங்க பார்க்கலை. நீங்க நடுவுலன்னு சொல்றீங்க, நான் சிவப்புலன்னு சொல்றேன், சாட்சி யாரு?

என் மாணவி ஓட்டினாங்க, அவங்க பார்த்தாங்க, என்றாள் உன் அம்மா. கூப்பிடுங்க, நான் கேட்கிறேன் என்றார் அவர். பேர் சொல்ல மாட்டேன் என்றாள். நானும் இருந்தேனே என்று ஓர் அடி முன்னால் வைத்தேன், என்னை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை, தலையாட்டிய சாட்சி செல்லுமா. டாக்டருக்கு ஊக்கம் வந்துவிட்டது. பேரே இல்லாத சாட்சியாம்மா, நல்லா இருக்கே, அவங்களுக்கு ஸ்டீயரிங்கைப் பிடிச்சதுமே கண்ணு இருட்டியிருக்கும், முள் இருக்கிற இடமாவது தெரிஞ்சிருக்குமா என்று பெஞ்சைப் பார்த்துச் சொன்னார். பெஞ்சு இப்போது அவருக்காகச் சிரித்தது. தையல்கடை அக்காவும் லேசாகச் சிரித்தார், அது உன் அம்மா கண்ணில் பட்டது, அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்ததை நான் பார்த்தேன். அப்போதும் வாலு, அப்போதும் அவள் அந்தக் கண்ணாடி அறைப் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. என் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, அவள் செருப்பு என் கால் மேல் ஏறியது.

கதவு திறந்த சத்தம் கேட்டது. டாக்டரம்மா வந்து நின்றார், கையில் இன்னும் பேனா. முள் இருக்கிற இடம் எனக்குத் தெரியும், நான்தான் ஓட்டினேன் என்றார். மேம்பாலம் ஏறும்போதும் நடுவுல இருந்தது, இறங்கும்போதும் நடுவுல இருந்தது, ஆவி வந்த பிறகும் நடுவுலதான் இருந்தது, சத்தமா சொல்லிக்கிட்டேதான் வந்தேன், வேணும்னா சாரைக் கேளுங்க, பின்னால உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கிட்டிருந்தாரு. நான் தலையாட்டினேன், வாழ்க்கையில் முதல் தடவையாக அது சரியான இடத்தில் ஆடியது. டாக்டர் கத்தப்போகிறார் என்று நினைத்து நான் உன் அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் கத்தவில்லை. எப்போ கத்துக்கிட்டே, ஏன் சொல்லலைன்னு எதுவுமே கேட்கவில்லை. கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நடுன்னா நட்ட நடுவா என்று கேட்டார். நட்ட நடு என்றார் அந்த அம்மாள். மனுஷன் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். பில்லோ கணக்கோ, இவ ஒரு தடவை பார்த்துச் சொன்னா நான் திரும்பப் பார்க்கிறதில்லைங்க என்று பொதுவாகச் சொன்னார், அப்புறம் உன் அம்மாவைப் பார்த்து, காத்தைத் திறந்துவிட்டுக்கிட்டே இருந்தேன், நடுவுல ஒருத்தர் அவசரம்னு கூப்பிட்டாரு, திரும்பி வந்து மூடியை மூடிட்டேன், முழுசா வெளியேறிடுச்சுன்னே நினைச்சுட்டேன், என் கைத்தப்புங்க, இன்ஜினை நானே சரிபண்ணித் தர்றேன் என்றார்.

வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே ஆடியிருப்பாள், நானாக இருந்தால் குட்டிக்கரணமே போட்டிருப்பேன். உன் அம்மா, இன்ஜின் மெதுவா ஆகட்டும், இங்க இவங்க முன்னாலதானே என் மேல தப்புன்னு சொன்னீங்க, அதே இடத்துல ஒரு வார்த்தை சொல்லிடுங்க என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். டாக்டர் எழுந்து பெஞ்சைப் பார்த்து, இவங்க மேல ஒரு தப்பும் இல்லை, நான்தான் தப்பா வேலை செஞ்சேன், தப்பாவும் பேசினேன் என்றார், குரல் இறங்காமல், முதலில் பேசின அதே சத்தத்தில். தன் கடைக்குள்ளே, தன் வேலையாட்கள் பார்க்க, வாடிக்கையாளர் பார்க்க அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும் சொல்லு. நானே லென்ஸைத் தப்பாக மாற்றிக் கொடுத்துவிட்டால்கூட எனக்கு வாடிக்கையாளர் கண் மேல்தான் பழி போடத் தோன்றும்.

அதோடு முடியவில்லை. எங்களைத் தன் காரில் வீட்டில் விடுகிறேன் என்று டாக்டர் சாவியை எடுத்தார், ஒரு நிமிஷம் யோசித்தார், சாவியை மனைவி கையில் கொடுத்தார். டீச்சர் பக்கத்துல உட்காரட்டும் என்றார். முன்னால் அந்த இருவரும், பின்னால் நானும் டாக்டரும். அவர் கைப்பிடியைப் பிடித்த பிடியில் அது கையோடு வந்துவிடுமோ என்று இருந்தது. கண்ணாடி, முள், ரோடு என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். ஒவ்வொரு முள்ளுக்கும் டாக்டர் எட்டி எட்டிப் பார்த்தார், சாஞ்சு உட்காருங்க, ஓட்டுறவங்களுக்குக் கண்ணாடி மறைக்குதுன்னு உன் அம்மா ஒரு அதட்டு, மனுஷன் கப்சிப். நம் தெரு முனையில் ரிவர்ஸ் எடுத்து, சுவரில் உரசாமல், அப்படியே ஒட்டினாற்போல் நிறுத்தினார் அந்த அம்மாள். டாக்டர் இறங்கி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார், என்னிடம் மட்டும் மெதுவாக, நான் இந்த இடத்துல ரெண்டு தடவை முன்னால பின்னால போவேன் சார் என்றார். இப்போது நம் வண்டி ஆகிற வரைக்கும் அவருடைய காரில்தான் வகுப்பு நடக்கிறது. தையல்கடை மருமகள் திரும்ப வந்துவிட்டாள், தலைவலிக்காரிக்கும் தலைவலி தீர்ந்துவிட்டது, உன் அம்மா ஒருத்தியிடமும் ஏன் நின்றாய் என்று கேட்கவில்லை, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்கிறாள். நானாவது ரெண்டு வார்த்தை கேட்கிறேனே என்றேன், நீங்க டப்பாவை எடுத்துக்கிட்டுப் பின்னால ஏறுங்க என்றாள்.

சரி, எழுதி எழுதி விரல் வீங்கிவிட்டது. மாப்பிள்ளையின் கண் பவரை மறக்காமல் எழுதி அனுப்பு, நல்ல ஃபிரேம் ஒன்று அவருக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். குளிர் நாளில் கண்ணாடி முழுக்கத் துடைக்காமல் வண்டியை எடுக்காதே, எவ்வளவு அவசரமாக இருந்தாலும். அடுத்த தடவை போன் பண்ணும்போது இதையெல்லாம் அப்பா எழுதினார் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதே, கிளாஸ் எப்படிம்மா போகுதுன்னு மட்டும் கேள். நல்லாப் போகுதுடி என்பாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க உன்னால் முடியாது. அந்த நல்லாப் போகுதுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்கவேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் நம்பிக்கொண்டு நெடுங்காலம் வாழவேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மாவைப் பின் சீட்டிலிருந்து பார்த்துப் பார்த்து இன்னும் வியப்பு தீராத
உன் அப்பா